அளவுக் கருவிகளுக்கு ஓர் அலமாரி: சிறு பட்டறை வைத்திருப்பவர்களுக்கான செய்முறை

கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம் பக்கத்துச் சிறு பட்டறைகளுக்குள் நுழைந்தால் பெரும்பாலும் ஒரே காட்சியைத்தான் பார்க்க முடியும். லேத்தின் ஹெட்ஸ்டாக் மேல் பனியன் வேஸ்ட் ஒரு துண்டு விரிக்கப்பட்டிருக்கும். அதன் மேல் வெர்னியரும் மைக்ரோமீட்டரும் கிடக்கும். பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும் சக்கிலிருந்து கூலன்ட் துளிகள் அவற்றின் மேல் தெறித்துக்கொண்டிருக்கும். மாலையில் அதே துணியால் துடைத்து, ஸ்பேனர்களும் டிரில் பிட்டுகளும் கிடக்கும் டிராயருக்குள் போட்டுவிட்டுப் போவார்கள். நூறில் ஒரு மில்லிமீட்டரைக் காட்டும் கருவிக்கு இது தகாத இடம் என்பது எல்லோருக்கும் தெரியும். மாற்றிடம் இல்லாததால்தான் இது தொடர்கிறது. அந்த மாற்றிடத்தை ஒரு 8-க்கு 4 அடி பிளைவுட் பலகையிலிருந்து எப்படிச் செய்துகொள்வது என்பதைப் புதிதாகப் பட்டறை தொடங்குகிறவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கருவிகளுக்கு வரும் கேடு வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை; அலமாரியே அதைச் செய்யக்கூடும். நான் முதன்முதலில் செய்த அலமாரிக்கு விலை குறைந்த பிளைவுட்டை வாங்கினேன். முதுகுப் பலகையின் சந்துகளைக் கண்ணாடிக்காரர்கள் பயன்படுத்தும் சிலிக்கோன் சீலன்ட்டால் அடைத்தேன். உள்ளே எண்ணெய்ப் பெயின்ட் அடித்து, அந்த வாரமே கருவிகளை வைத்துப் பூட்டினேன். கதவைத் திறக்கும்போதெல்லாம் வினிகர் வாடை வந்தது. புதுச் சாமான் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். ஒன்றரை மாதம் கழித்து 25–50 மில்லிமீட்டர் அளக்கும் மைக்ரோமீட்டரைக் கையில் எடுத்தபோது, அதன் நகரும் தண்டான ஸ்பிண்டிலின் பளபளப்பான உடலில் மிளகுத்தூளைத் தூவியதுபோலப் பழுப்புப் புள்ளிகள் நிறைந்திருந்தன. வெளியே மழைகூட இல்லை. அந்த வினிகர் வாடை அசிட்டிக் அமிலத்தின் ஆவி. மூடிய பெட்டிக்குள் அது போக இடமின்றி இரும்பின் மேல் வேலை செய்திருக்கிறது. அதிலிருந்து, காற்றுப் புகாத அலமாரி செய்ய வேண்டுமானால் முதலில் அதற்குள் அடைபடப்போகும் காற்று எப்படிப்பட்டது என்பதை யோசித்தாக வேண்டும் என்பதை விதியாகவே வைத்துக்கொண்டிருக்கிறேன்.

முதல் வேலை: கருவிகளை அளப்பது

பலகையை வாங்கும் முன், இருக்கும் கருவிகள் எல்லாவற்றையும் ஒரு மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து அடுக்குங்கள். ஒவ்வொன்றையும் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, நீளம், அகலம், தடிமன் மூன்றையும் அதிலேயே குறியுங்கள். 0–25 முதல் 75–100 மில்லிமீட்டர் வரையிலான மைக்ரோமீட்டர்கள், அவற்றைச் சரிபார்க்கும் செட்டிங் ராடுகள், 150 மற்றும் 300 மில்லிமீட்டர் வெர்னியர்கள், டயல் கேஜ், போர் கேஜ், பிளக் கேஜ்கள், மூலைமட்டம், உயரம் அளக்கும் ஹைட் கேஜ் ஆகியவை ஒரு சாதாரணப் பட்டறையில் சேர்ந்துவிடும். அடுத்த இரண்டு ஆண்டுகளில் வாங்க நினைப்பவற்றுக்கும் தாளில் இடம் விடுங்கள். என் கணக்கில் மூன்றில் ஒரு பங்கு இடம் காலியாக இருப்பது நல்லது. அலமாரியை முதலில் செய்துவிட்டுக் கருவிகளை அதற்குள் அடக்கப் பார்த்தால், ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கடைசியில் பழைய டிராயரின் கதைதான் நடக்கும்.

சாதாரண ஹைட் கேஜ் 300 மில்லிமீட்டர் வரை அளப்பதாக இருந்தாலும் நிற்கும்போது அதைவிட நல்ல உயரம் வரும். அதை நிற்க வைத்தே பாதுகாக்க வேண்டும் என்பதால், அலமாரியின் உள்ளமைப்பை அதுதான் முடிவு செய்கிறது. ஒரு பக்கம் முழு உயரத்துக்கும் ஒரு குறுகிய அறை, மறுபக்கம் டிராயர்கள் என்று நான் பிரிப்பது இதனால்தான்.

எங்கே வைப்பது

கிரைண்டரிலிருந்து பறக்கும் எமரித் தூள் எந்தச் சந்திலும் புகும். ஸ்பிண்டில் திரெட்டுக்குள் அது போனால் கருவி தன்னைத்தானே தேய்த்துக்கொள்ளும். ஆகவே கிரைண்டருக்கு எதிர்ச்சுவரைத் தேர்ந்தெடுங்கள். மேற்கு வெயில் விழும் ஜன்னல், கம்ப்ரஸர், பேட்டரி சார்ஜ் போடும் இடம் ஆகியவற்றிலிருந்து விலகியிருக்கட்டும். இவை எல்லாவற்றையும்விட முக்கியமாகக் கழிவறை கழுவும் ஆசிட் பாட்டிலை அந்த அறையிலேயே வைக்காதீர்கள். மூடி இறுக்கமாக இருப்பதாகத் தோன்றினாலும் அதிலிருந்து கசியும் ஹைட்ரோகுளோரிக் அமில ஆவி, பல அடி தொலைவிலுள்ள இரும்பையும் சில நாட்களில் துருப்பிடிக்க வைத்துவிடும்.

ஏசி போட்ட அறை இருந்தால் அங்கே வைக்கலாமா என்று பலரும் கேட்கிறார்கள். அளப்பதும் அதே அறையில் நடந்தால் தாராளமாக வைக்கலாம். அளவுகளுக்கான உலகப் பொது வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ் என்பதால் அது நல்லதும்கூட. ஆனால் குளிர்ந்த மைக்ரோமீட்டரை எடுத்துக்கொண்டு புழுக்கமான பட்டறைக்குள் வந்தால், ஐஸ் தண்ணீர் டம்ளர் போல அதன் மேல் நீர் பூக்கும். அளவும் சரியாக வராது. எஃகு ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்குச் சுமார் 11.5 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நீளும். 100 மில்லிமீட்டர் ஜாபுக்கும் (கடையும் பொருளுக்கும்) கருவிக்கும் இடையே 15 டிகிரி வித்தியாசம் இருந்தால் 17 மைக்ரான் அங்கேயே போய்விடும். கருவியும் ஜாபும் ஒரே காற்றில் இருக்கட்டும் என்பதுதான் சிறு பட்டறைக்கு நான் சொல்லும் வழி.

பலகையும் வெட்டும் அளவும்

இரும்பு பீரோ ஆகாதா என்றால், ஆகும். அது எந்த ஆவியும் விடாது. ஆனால் இரவில் சட்டெனக் குளிர்ந்து, காலையில் ஈரக்காற்று பட்டதும் வியர்க்கும். மரத்துக்குள் வெப்பம் மெதுவாக ஏறி மெதுவாக இறங்குவதால் அந்தத் தொல்லை குறைவு. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் டேட்டன் நகரத்து கெர்ஸ்ட்னர் நிறுவனம் 1906 முதல் கருவிப் பெட்டிகளை மரத்தில் செய்து பெயர் பெற்றதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். ஆனால் அவர்கள் பயன்படுத்திய ஓக் மரத்தை நாம் பின்பற்ற வேண்டாம். அமில ஆவி விடும் மரங்களில் ஓக் முன்வரிசையில் இருப்பது. நமக்கு ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள மரைன் பிளைவுட் போதும். அதன் அடுக்குகளை ஒட்டும் பீனால் வகைப் பசை, மலிவான பிளைவுட்டிலும் எம்.டி.எஃப். பலகையிலும் உள்ள யூரியா வகைப் பசையைவிட மிகக் குறைவாகவே ஆவி விடும்.

அலமாரியின் வெளி அளவு அகலம் 800, உயரம் 900, கதவும் முதுகும் நீங்கலாக ஆழம் 400 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 18 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு முழுப் பலகையை நீளவாக்கில் 400 அகலமுள்ள மூன்று பட்டைகளாக அறுக்கச் சொல்லுங்கள். ரம்பம் தின்னும் அளவு போகவும் பலகை போதும். முதல் பட்டையில் 900 நீளத்தில் இரு பக்கப்பலகைகள். மிச்சத்தில் 526-க்கு 380 அளவில் ஓர் உள்தட்டு. இரண்டாம் பட்டையில் 764 நீளத்தில் மேல்பலகை, கீழ்ப்பலகை, அத்துடன் 864 நீளத்தில் நடுத்தடுப்பு. மூன்றாம் பட்டையில் 896-க்கு 398 அளவில் இரு கதவுகள். முதுகுக்கு 6 மில்லிமீட்டர் பலகையும், டிராயர்களுக்கு 12 மில்லிமீட்டர் பலகையும் தனியாக வாங்க வேண்டும். தச்சரிடம் வேலையைக் கொடுப்பதானால் அளவை மில்லிமீட்டரிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். அங்குலமும் நூலுமாகப் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) பேசிப் பழகியவர்களிடம் வாய்மொழியாகச் சொன்னால், அரை நூல் தள்ளிப்போவது பெரிய விஷயமாகத் தெரியாது. டிராயர் ஓடும் இரும்புச் சேனலுக்கோ அந்த அரை நூலே அதிகம்.

மேல்பலகையும் கீழ்ப்பலகையும் பக்கப்பலகைகளுக்கு நடுவில் அமரும்படி, வெள்ளைப் பசையும் ஸ்குரூவும் போட்டுக் கூட்டுங்கள். பசை காய்வதற்கு முன் எதிரெதிர் மூலைகளை டேப்பால் அளந்து பாருங்கள். மூலைவிட்டம் இரண்டும் 1204 மில்லிமீட்டர் வர வேண்டும். ஒன்று நீண்டு ஒன்று குறைந்தால், நீண்ட மூலையை அழுத்திச் சரிசெய்த பின்பே முதுகுப் பலகையை அடியுங்கள். முதுகு ஏறிவிட்டால் சட்டம் அப்படியே நின்றுவிடும். கோணலாக நின்றால் பிறகு கதவை என்ன செய்தாலும் ஒட்டாது. முதுகைச் சுற்றியுள்ள சந்தை அடைக்கச் சீலன்ட் தேவைப்பட்டால், வாடையற்ற நியூட்ரல் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

நடுத்தடுப்பை இடது பக்கத்தில் 220 மில்லிமீட்டர் அறை வரும்படி நிறுத்துங்கள். வலது அறை 526 கிடைக்கும்.

டிராயர்கள்

புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். கதவுக்குள் டிராயர் வரும்போது, சேனலை நேராகப் பக்கப்பலகையிலேயே அடித்துவிடுகிறார்கள். பிறகு டிராயரை இழுத்தால் கதவின் கீலில் போய் இடிக்கும். வலது பக்கப்பலகையில் 18 மில்லிமீட்டர் கனத்துக்கு மிச்சப் பலகையிலிருந்து பட்டை வெட்டி வைத்து, அதன் மேல் சேனலை அடியுங்கள். அப்போது இடைவெளி 508 ஆகும். டெலஸ்கோப்பிக் சேனல் ஒரு பக்கத்துக்குச் சுமார் 13 மில்லிமீட்டர் இடம் கேட்கும். இரண்டு பக்கத்துக்கும் 26 கழிய, டிராயரின் வெளி அகலம் 482. சேனல் 14 அங்குலம் வாங்கி, முன்விளிம்பிலிருந்து 20 மில்லிமீட்டர் உள்ளே தள்ளிப் பொருத்தினால் கதவுச் சந்தை அடைக்கும் ரப்பர் பீடிங்குக்கும் இடம் இருக்கும்.

கீழே 120 மில்லிமீட்டர் உயரத்தில் இரண்டு டிராயர், அவற்றின் மேல் 70 மில்லிமீட்டரில் நான்கு. அதற்கு மேல் உள்தட்டைப் பொருத்தினால், பெட்டியோடு வரும் ஸ்லிப் கேஜ் (துல்லிய அளவுள்ள எஃகுக் கட்டைகள்) செட், போர் கேஜ் செட் ஆகியவற்றுக்கு ஏறத்தாழ 325 மில்லிமீட்டர் உயரம் மிச்சமிருக்கும். ஆழமற்ற டிராயர்தான் இந்த அலமாரியின் உயிர். ஆழம் இருந்தால் கை தானாகவே இரண்டாவது கருவியை முதல் கருவியின் மேல் வைக்கும். கனமான பிளக் கேஜ்களையும் வி-பிளாக்குகளையும் கீழ் டிராயர்களுக்கு ஒதுக்குங்கள்.

காந்த ஸ்டாண்டுக்கு இந்த அலமாரியில் இடம் கிடையாது. அதை வெளியே இரும்பு மேசையில் ஒட்டி வையுங்கள். காந்தம் ஏறிய வெர்னியர், ஜாபிலிருந்து மெல்லிய இரும்புத்தூளைத் தன் ஜாவில் (அளக்கும் தாடையில்) இழுத்து வைத்துக்கொள்ளும். அந்தத் தூளோடு சேர்த்தே அளக்கும். அதனாலேயே கதவுக்கும் காந்தக் கேட்ச் போடாமல் ரோலர் கேட்ச் போடச் சொல்கிறேன்.

கதவு

கதவு, பக்கப்பலகையின் விளிம்பை முழுதாக மூடும் வகை ஆட்டோ ஹிஞ்ச்சில் வரட்டும். கதவுக்கு மூன்று கீல்கள் போடுங்கள், ஏனென்றால் ரப்பர் பீடிங் எந்நேரமும் கதவை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். பீடிங்கைச் சட்டத்தின் முன்விளிம்பைச் சுற்றி ஒட்டி, கதவு மூடும்போது அது 2 மில்லிமீட்டர் அமுங்கும்படி கீலைச் சரிசெய்ய வேண்டும். இரு கதவுகளும் சந்திக்கும் நடுச்சந்தை மறப்பவர்கள் அதிகம். இடது கதவின் வெளிமுகத்தில் 40 மில்லிமீட்டர் அகல மரப்பட்டையை (ரீப்பர்) பாதி வெளியே நீட்டி அடித்து, வலது கதவை முதலில் சாத்திய பின் அது அந்தச் சந்தை மூடும்படி செய்யலாம். மூடியதைச் சோதிக்க ஒரு செய்தித்தாள் துண்டைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுத்துப் பாருங்கள். சுற்றிலும் எல்லா இடத்திலும் ஒரே இறுக்கத்தில் பிடிக்க வேண்டும்.

அலமாரியைத் தரையில் வைக்க வேண்டாம். 600 மில்லிமீட்டர் உயரத்தில் ஆங்கிள் ஸ்டாண்டு ஒன்றை வெல்டிங் செய்து, காலுக்கடியில் ரப்பர் வைத்து, அதன் மேல் ஏற்றுங்கள். தரை கழுவும் நீரும் கரையானும் எட்டாது. டிராயர்களும் தொடைக்கும் நெஞ்சுக்கும் இடையே, கருவியைக் கண்ணால் பார்த்து எடுக்கும் உயரத்தில் வரும். சுவரிலிருந்து இரண்டு விரல் இடைவெளி விட்டு, மேலே ஒரு கிளாம்ப்பால் சுவரோடு பிணைத்துவிடுங்கள். எல்லா டிராயர்களையும் ஒரே நேரத்தில் இழுத்தால் முன்பக்கம் சாயக்கூடும்.

பூச்சும், அதன் பின் பொறுமையும்

உள்ளே எண்ணெய்ப் பெயின்ட் வேண்டாம்; அது காய்ந்த பின்னும் நெடுநாள் அமில ஆவி விடும். தச்சர்கள் ஸ்பிரிட் பாலிஷ் என்று சொல்லும் அரக்குப் பூச்சை மூன்று கை கொடுங்கள். வெட்டு விளிம்புகளுக்கு ஒரு கை கூடுதலாக வேண்டும். வெளியே உங்கள் விருப்பம்.

பூச்சு தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காகக் கருவிகளை வைத்துவிடாதீர்கள். கதவையும் டிராயர்களையும் திறந்தபடி மூன்று வாரம் விட வேண்டும். மரத்தை ஒட்டிய வெள்ளைப் பசையும் காயும்போது சிறிதளவு அசிட்டிக் அமிலத்தை விடுகிறது. பிறகு ஒரு சோதனை செய்கிறேன். அதை நான் சாட்சித் துண்டு என்று அழைப்பது வழக்கம். விரல் நீளத்துக்கு ஒரு எம்.எஸ். (சாதாரண மென் எஃகு) பட்டையை எடுத்து, எமரித் தாளால் பளபளப்பாகத் தேய்த்து, தின்னரால் எண்ணெய்ப்பசை போகத் துடைத்து, இடுக்கியால் பிடித்து நடு டிராயரில் வைத்து அலமாரியைப் பூட்டுங்கள். அதே போன்ற இன்னொரு துண்டு வெளியே மேசையில் கிடக்கட்டும். ஒரு மாதம் கழித்து உள்ளே இருப்பது வெளியே இருப்பதைவிடப் பளபளப்பாக இருந்தால் அலமாரி தயார். உள்துண்டில்தான் அதிகப் புள்ளி என்றால் மீண்டும் கதவைத் திறந்து வையுங்கள். நாலாயிரம், ஐந்தாயிரம் கொடுத்து வாங்கிய மைக்ரோமீட்டரை வைத்துப் பார்ப்பதைவிட, ஸ்கிராப்பில் கிடந்த பட்டையை வைத்துப் பார்ப்பது மேல்.

படுக்கை

டிராயருக்குள் விரிப்பது எது என்பதிலும் கவனம் வேண்டும். சோபாவுக்குப் போடும் ஸ்பாஞ்ச் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டு, சில ஆண்டுகளில் பொடிப்பொடியாக உதிர்ந்து கருவியில் ஒட்டும். பேக்கிங் கடைகளில் கிடைக்கும் பாலிஎத்திலீன் ஃபோம் ஈரத்தை இழுக்காது, ஆவியும் விடாது. 20 மில்லிமீட்டர் கனத்தில் மேலடுக்குக் கறுப்பாகவும், அடியில் மெல்லிய வெள்ளையாகவும் இரண்டு அடுக்கு வாங்குங்கள். முன்பு செய்தித்தாளில் வரைந்த உருவங்களை வெட்டியெடுத்துக் கறுப்பு ஃபோமின் மேல் வைத்து, சுற்றிலும் 2 மில்லிமீட்டர் கூட்டிக் கோடு போட்டு, புது பிளேடால் செங்குத்தாக அறுக்க வேண்டும். கருவியின் நடுப்பகுதிக்கு இருபுறமும் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு விரல் பள்ளம் விடுங்கள். பள்ளம் இல்லாவிட்டால் எடுப்பவர் ஸ்பிண்டிலைப் பிடித்துத்தான் தூக்குவார். கருவி வெளியே இருக்கும்போது அதன் உருவம் வெள்ளையாகத் தெரியும். மாலையில் கதவைச் சாத்தும் முன் எந்த மைக்ரோமீட்டர் இன்னும் லேத்தின் மேல் இருக்கிறது என்பது ஒரே பார்வையில் விளங்கிவிடும்.

கதவின் உட்புறத்தில் கொக்கி அடித்துக் கருவிகளை மாட்டுவது அழகாகத் தோன்றலாம். ஒவ்வொரு முறை சாத்தும்போதும் அவை ஆடி மோதும், வேண்டாம். அந்த இடத்தில் கருவிப் பட்டியலையும் காலிப்ரேஷன் தேதிகளையும் ஒட்டி வையுங்கள்.

வைக்கும் முறை

கையின் வியர்வை உப்பு துருவுக்கு நல்ல வித்து. வைக்கும் முன் சலவை செய்த வெள்ளைப் பருத்தித் துணியால் துடைத்து, தையல் மெஷின் எண்ணெயைத் துணியில் ஒரு சொட்டு விட்டு அளவு முகங்களில் மெல்லத் தடவுங்கள். அவசரத்துக்குத் தேங்காய் எண்ணெயைத் தடவும் பழக்கம் பல பட்டறைகளில் உண்டு. அது நாளடைவில் காறிப்போகும், அமிலமும் ஆகும். மண்ணெண்ணெய் அழுக்கை எடுக்கும், ஆனால் ஆவியான பின் கருவியைக் காக்க எதையும் விட்டுவைக்காது. டயல் கேஜில் உள்ளே வெளியே நகரும் தண்டான பிளஞ்சருக்கு மட்டும் எண்ணெயே கூடாது, அது தூசியைப் பிடித்து நகர்வைத் தடுக்கும்.

மைக்ரோமீட்டரின் அசையாத முகமான அன்வில்லும் ஸ்பிண்டிலும் முட்டிக்கொண்டிருக்கக் கூடாது. ஒரு மில்லிமீட்டருக்குள் இடைவெளி விட்டு, லாக்கைத் தளர்த்தி வையுங்கள். முட்டிய நிலையில் வெப்பம் ஏறினால் சட்டத்தின் மேல் அழுத்தம் விழும், இரு முகங்களுக்கும் நடுவே அடைபட்ட ஈரம் துருவாகும். வெர்னியரின் ஜாக்களுக்கும் இதுவே முறை. ஸ்லிப் கேஜ்களை ஒட்டிப் பயன்படுத்திய பின் அன்றே பிரித்து, துடைத்து, வாசலின் தடவி அதன் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். ஒட்டியபடி விட்டால் பிறகு பிரியாமல் முகம் கெடும். டிஜிட்டல் வெர்னியரை ஒரு மாதத்துக்கு மேல் எடுக்கப்போவதில்லை என்றால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்.

கடைசியாக, ஈரம். அரைக்கிலோ சிலிக்கா ஜெல்லை வாயகன்ற தட்டில் கொட்டி இடது அறையின் அடியில் வைத்து, கூடவே ஒரு சிறிய ஈரப்பதமானியையும் வையுங்கள். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. 60-ஐத் தாண்டினால் துரு வேகமெடுக்கும். ஆரஞ்சு நிற ஜெல் ஈரம் குடித்ததும் பச்சையாகும். அப்போது 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் சூடாக்கினால் மீண்டும் ஆரஞ்சுக்குத் திரும்பும். நீல வகையில் கோபால்ட் உப்பு கலந்திருப்பதால் அதை வீட்டு அடுப்பில் சூடாக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வாரம் ஒருமுறை நிறத்தைப் பார்க்க வேண்டும், மற்ற நாட்களில் மாதம் ஒருமுறை போதும். சாட்சித் துண்டை வெளியே எடுத்துவிடாமல் ஒரு டிராயரின் மூலையிலேயே விட்டு வையுங்கள்; நான் ஜெல்லைப் பார்க்கும் அன்றே அதையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, மீண்டும் தேய்த்துப் பளபளப்பாக்கி வைத்துவிடுகிறேன்.